மைசூர் மைன்ஸ் மாணவிக்கு வந்த 'சர்வதேச மாநாடு' அழைப்பு: உண்மையான கணினி அறிவியல் மாநாடு எப்படி இருக்கும்?

"அக்கா, என் பேப்பரை இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்ல எடுத்துக்கிட்டாங்களாம். நாளைக்குள்ள 6,000 ரூபா கட்டணுமாம். கட்டட்டுமா?"

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸில் இருந்து என் அத்தை மகள் போனில் கேட்ட கேள்வி இது. பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கிறாள். கட்டுரையை மெயிலில் அனுப்பி இரண்டே நாளில் 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்துவிட்டது. கட்டுரையில் எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. வங்கிக் கணக்கு எண் மட்டும் தெளிவாக இருந்தது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மைசூர் மைன்ஸ் மைசூரில் இல்லை. பெங்களூருவில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், கோலார் தங்கவயலில் இருந்த பெரிய சுரங்கங்களில் ஒன்றின் பெயர் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் ஊருக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. தாத்தா காலத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதினால் ஆட்கள் ஷாஃப்ட்டுக்கு நடப்பார்கள். இப்போது விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருவுக்கு ஓடுகிறார்கள். அவர்களில் பலருக்கு ஐ.டி. வேலைதான் கனவு. அந்தக் கனவுக்கு ஒரு 'சர்வதேச மாநாட்டு சான்றிதழ்' உதவும் என்று யாராவது சொன்னால், 6,000 ரூபாயைக் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள்.

அதனால் அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். போலியை அடையாளம் காண, முதலில் அசல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அப்படி ஓர் அசல், அவள் ஊரிலிருந்து ரயிலேறினால் போய்ச் சேரும் பெங்களூருவில்தான் 1981-இல் தொடங்கியது.

எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ் என்றால் என்ன?

'மென்பொருள் தொழில்நுட்பத்தின் அடித்தளங்கள் மற்றும் கோட்பாட்டுக் கணினி அறிவியல்' என்ற நீளமான பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்தான் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தியாவின் ஏதாவது ஒரு நகரத்தில் நடக்கும் ஆய்வு மாநாடு. ஐ.ஏ.ஆர்.சி.எஸ் எனப்படும் கணினி அறிவியல் ஆய்வுக்கான இந்தியச் சங்கம் இதை நடத்துகிறது.

1981-இல் இந்தியாவில் கணினி என்பது சில ஆய்வு நிறுவனங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் மட்டுமே இருந்த பொருள். வீட்டில் கணினி, கையில் கணினி என்பதெல்லாம் அப்போது கற்பனை. அந்தச் சூழலில் 'கணினியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது' என்று கணிதரீதியாக விவாதிக்க ஒரு கூட்டம் சேர்ந்தது. 1984-இல் இருந்து மாநாட்டுக் கட்டுரைகளை ஜெர்மனியின் ஸ்பிரிங்கர் பதிப்பகம் புத்தகத் தொகுதிகளாக வெளியிட ஆரம்பித்தது. அந்த முதல் தொகுதியின் பதிப்பாசிரியர்கள் மத்தாய் ஜோசப், ஆர்.கே. சியாமசுந்தர். இருவரும் அப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

அதன்பிறகு மாநாடு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. கோவிட் காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இணையவழியில் நடந்தது. 2022 டிசம்பர் 18 முதல் 20 வரை சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது.

பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சென்னையில் நடந்த ஆண்டுகளில் சில: 1998, 2004, 2010, 2016, 2022. சரியாக 6 வருட இடைவெளி. அடுத்தது 2028 என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் 1994-இலும் 1999-இலும்கூடச் சென்னையில் நடந்திருக்கிறது. நான்கைந்து எண்களைப் பார்த்து விதி இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே நல்ல பாடம். விதி என்று சொல்ல நிரூபணம் வேண்டும். இந்த மாநாட்டின் ஆதாரமான எண்ணமும் அதுதான்.

அப்படி என்னதான் பேசுவாங்க?

கட்டுரைகளைப் பொதுவாக இரண்டு பிரிவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, கணக்கீட்டு வழிமுறைகளும் அவற்றின் சிக்கலும். இன்னொன்று, தர்க்கமும் மென்பொருள் சரிபார்ப்பும். இரண்டையும் தங்கவயல் உதாரணத்தோடு பார்ப்போம்.

முதல் பிரிவுக்கு ஒரு தண்ணீர் டேங்கரை எடுத்துக்கொள்வோம். டேங்கர் 20 லைன் வீடுகளுக்குப் போக வேண்டும். எந்த வரிசையில் போனால் டீசல் செலவு குறையும்?

எல்லா வரிசைகளையும் எழுதிப் பார்க்கலாம் என்றால், முதல் லைனுக்கு 20 வாய்ப்பு, அடுத்ததுக்கு 19, அதற்கடுத்து 18 என்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் சுமார் 24,329 கோடி கோடி வரிசைகள். நொடிக்கு 100 கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணினி இருந்தாலும் 77 வருடம் ஆகும். அதற்குள் டேங்கரே துருப்பிடித்துவிடும்.

இன்னும் வேகமான கணினி வாங்குவது ஒரு வழி. 10 மடங்கு வேகமான கணினி வாங்கினாலும் ஏழரை வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி, உட்கார்ந்து யோசிப்பது.

முதல் ஐந்து லைன்களை எந்த வரிசையில் முடித்தாலும், கடைசியாக நிற்கும் இடம் ஒன்றாக இருந்தால், அவற்றில் மிகக் குறைந்த தூரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். மற்றதை மறந்துவிடலாம். இந்த ஒரே யோசனையை ஒழுங்காகப் பயன்படுத்தினால், வேலை சுமார் 42 கோடி படிகளாகச் சுருங்கிவிடும். அதே கணினி அரை நொடிக்குள் முடித்துவிடும்.

77 வருடம் அரை நொடி ஆகிவிட்டது. புதிதாக ஒரு இயந்திரம்கூட வாங்கவில்லை. 1962-இல் வெளியான இந்த வழிமுறைக்கு ஹெல்ட், கார்ப், பெல்மன் ஆகியோரின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. கோட்பாட்டுக் கணினி அறிவியல் என்ன செய்கிறது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

சரி, 20-க்குப் பதிலா 100 லைன் இருந்தால்? அதே வழிமுறை திணறிவிடும். பிரபஞ்சத்தின் வயதைவிட அதிக நேரம் எடுக்கும். நடைமுறையில் 100 இடங்களுக்கு நல்ல விடை கண்டுபிடிக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. ஆனால் எத்தனை இடம் இருந்தாலும், எப்படிப்பட்ட வரைபடம் கொடுத்தாலும், நேரம் எகிறாமல் சரியான விடை தரும் வழி ஒன்று உண்டா? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு விசித்திரம் கவனிக்க வேண்டும். '30 கிலோமீட்டருக்குள் முடியும் ஒரு வழி இதோ' என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், தூரங்களைக் கூட்டிப் பார்த்து உடனே சரிபார்த்துவிடலாம். விடையைச் சரிபார்ப்பது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம். சரிபார்க்கச் சுலபமான எல்லாக் கேள்விகளுக்கும் விடை கண்டுபிடிப்பதும் சுலபம்தானா? இதுதான் புகழ்பெற்ற 'பி எதிர் என்.பி' கேள்வி. இதற்கு விடை சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு தருவதாக அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது.

கேஜ் நகரும்போது கதவு திறந்திருக்கலாமா?

இரண்டாவது பிரிவுக்கு சுரங்கத்துக்குள் இறங்குவோம்.

ஆட்களை ஷாஃப்ட்டில் இறக்கி ஏற்றும் கூண்டை தங்கவயலில் கேஜ் என்பார்கள். மேலே நிற்கும் ஆளும் கீழே நிற்கும் ஆளும் மணி அடித்து சிக்னல் கொடுக்க, எஞ்சின் ஓட்டுபவர் கேஜை நகர்த்துவார். அவர் இருக்கும் இடத்தில் இருந்து கேஜ் கண்ணுக்குத் தெரியாது. மணியை நம்பித்தான் உயிர்.

இதையே ஒரு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்வோம். கேஜ் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்: மேலே நிற்கும், கீழே நிற்கும், ஓடிக்கொண்டிருக்கும். கதவுக்கு இரண்டு நிலை: திறந்தது, மூடியது. மணிக்கும் இரண்டு: அடித்தாயிற்று, அடிக்கவில்லை. 3 × 2 × 2, மொத்தம் 12 நிலைகள். இவற்றில் 'ஓடுகிறது, கதவு திறந்திருக்கிறது' என்ற ஆபத்து 2 நிலைகளில் வருகிறது.

மென்பொருளைப் பத்து முறை, நூறு முறை ஓட்டிப் பார்த்து 'ஒண்ணும் ஆகலை' என்று சொல்வது சோதனை. அந்த 2 ஆபத்தான நிலைகளுக்குப் போகும் பாதையே கிடையாது என்று எல்லாப் பாதைகளையும் அலசிக் காட்டுவது நிரூபணம். முதலாவதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு. இரண்டாவதில் இல்லை.

12 நிலை என்றால் தாளிலேயே வரைந்துவிடலாம். ஆனால் ஒரே கட்டுப்பாட்டு அறையில் இருந்து 10 ஷாஃப்ட்டுகளை இயக்கினால்? 12-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். 6,191 கோடிக்கும் மேற்பட்ட நிலைகள். இப்படி நிலைகள் வெடித்துப் பெருகுவதைச் சமாளிப்பதுதான் இந்தத் துறையின் தலைவலி. நிலைகளைத் தானாகவே அலசிச் சரிபார்க்கும் 'மாடல் செக்கிங்' முறையை உருவாக்கிய எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது அது.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியால் 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள். கருவியை இயக்குபவர் திரையில் வேகமாகத் திருத்தம் செய்தால் மட்டும் தலைகாட்டும் ஒரு மென்பொருள் பிழை அதற்கு ஒரு முக்கியக் காரணம். மெதுவாகச் சோதித்துப் பார்த்தவர்களின் கண்ணில் அது படவில்லை.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. பெரிய எண் ஒன்றை அதற்குப் போதாத சின்ன இடத்தில் அடைக்க மென்பொருள் முயன்றதுதான் காரணம்.

இப்போது செயற்கை நுண்ணறிவே மென்பொருள் எழுதித் தருகிறது. எழுதுவது சுலபமாகிவிட்டது. எழுதியது சரிதானா என்று யார் உறுதி சொல்வது? கேள்வி முன்பைவிட இப்போதுதான் பெரிதாகியிருக்கிறது.

நம்ம ஆளுங்க என்ன செஞ்சிருக்காங்க?

எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ் தொடங்குவதற்கு முன்பே தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு விதை போடப்பட்டுவிட்டது. தாம்பரம் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம், வாசலில் போடும் கோலம்.

ஒரு மொழியில் எந்த வாக்கியம் சரி, எது தப்பு என்று இலக்கணம் சொல்கிறது. அதேபோல் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியுமா? சின்னக் கோலத்தில் இருந்து பெரிய கோலம் ஒரே விதியை மறுபடி மறுபடி பயன்படுத்தி வளர்வதை அவர்கள் கணித விதிகளாக எழுதிக் காட்டினார்கள். நம் பாட்டிகள் புள்ளி வைத்து இழுத்த கோடு, கணினிக் கோட்பாட்டின் பாடமானது.

அடுத்த பெரிய செய்தி 2002 ஆகஸ்டில் கான்பூரில் இருந்து வந்தது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிக்க, எண் எவ்வளவு பெரிதானாலும் நேரம் எகிறாத, யூகத்துக்கே இடமில்லாத ஒரு வழி இருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிரூபித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அந்த வருட டிசம்பரில் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ் மாநாடு நடந்ததும் கான்பூரில்தான். 2006-இல் மூவருக்கும் கோடல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இணையப் பாதுகாப்பு மென்பொருட்கள் பகா எண் தேடும்போது இந்த வழியைப் பயன்படுத்துவதில்லை. மிகமிகச் சிறிய அளவில் தவறு நேர வாய்ப்புள்ள, ஆனால் இன்னும் வேகமான பழைய முறைகளையே பயன்படுத்துகின்றன. கான்பூர் மூவர் தந்தது வேறு: பல ஆண்டுகளாக 'முடியுமா, முடியாதா' என்று தொங்கிக்கொண்டிருந்த கேள்விக்கு இறுதிப் பதில்.

2021-இல் நூதன் லிமாயே, ஸ்ரீகாந்த் சீனிவாசன், செபாஸ்தியன் தவேனா மூவரும், குறிப்பிட்ட வகைக் கணக்கீட்டுச் சுற்றுகள் எவ்வளவு பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு முக்கியமான நிரூபணம் கொடுத்தார்கள். முதல் இருவரும் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்த வெங்கடேசன் குருசாமி, கேம்பிரிட்ஜின் அனுஜ் தவாருடன் சேர்ந்து 2022 மாநாட்டுத் தொகுதிக்குப் பதிப்பாசிரியராக இருந்தார்.

ஒரு கட்டுரை எப்படித் தேர்வாகிறது?

மற்ற அறிவியல் துறைகளில் ஆய்விதழில் வருவதுதான் பெருமை. மாநாட்டுக்கு இரண்டாம் இடம். கணினி அறிவியலில் பெரும்பாலும் தலைகீழ். நல்ல மாநாட்டில் இடம் பிடிப்பதே கஷ்டம். அதனால்தான் 'கான்ஃபரன்ஸ் பேப்பர்' என்ற சொல்லுக்கு மதிப்பு. அந்த மதிப்பைத்தான் போலிகள் காசாக்குகிறார்கள்.

எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ் போன்ற மாநாட்டில் நடைமுறை இப்படி இருக்கும். டிசம்பர் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே கட்டுரை அனுப்பக் கடைசி நாள் அறிவிப்பார்கள். தேர்வுக்குழுவில் யார் யார் என்பது பெயர், நிறுவனத்தோடு வெளிப்படையாக இருக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் பொதுவாக மூன்று பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறதா, இதை ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா, செய்தது முக்கியமானதா என்று பார்ப்பார்கள். குழு விவாதித்து முடிவு எடுக்கும். ஏற்றாலும் நிராகரித்தாலும் மதிப்பீட்டுக் குறிப்புகள் எழுத்தாக எழுதியவருக்கு வரும்.

நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் அதில் லாபம் உண்டு. துறையில் ஊறிய மூன்று பேர் உங்கள் வேலையை உட்கார்ந்து படித்து, எங்கே சறுக்கியது என்று சொல்கிறார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத உதவி அது.

தேர்வான கட்டுரையை எழுதியவர் நேரில் வந்து மேடையில் விளக்குவார். கேள்விகள் வரும். டீ இடைவேளையில் இன்னும் காரமான கேள்விகள் வரும். வெளிநாட்டில் இருந்தும் அறிஞர்கள் அழைக்கப்பட்டு உரையாற்றுவார்கள். மாநாட்டுக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட தலைப்புகளில் பயிலரங்குகள் நடக்கும். மாணவர்களுக்கு உண்மையில் அதிகம் பயன்படுவது அவைதான்.

படிக்கக் காசு கட்டணுமா?

வேண்டாம். இது தங்கவயல் மாணவர்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம்.

1984 முதல் 2007 வரை மாநாட்டுத் தொகுதிகள் ஸ்பிரிங்கர் புத்தகங்களாக வந்தன. சந்தா கட்டும் பெரிய நூலகங்களில்தான் கிடைக்கும். சின்ன ஊர்க் கல்லூரி மாணவருக்கு எட்டாது. 2008-இல் மாநாடு ஒரு முடிவு எடுத்தது. ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மையம் தொடங்கிய லிப்பிக்ஸ் என்ற இலவசப் பதிப்பு வரிசைக்கு மாறியது. அந்த வரிசையின் இரண்டாவது தொகுதியே எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ் 2008-தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டின் கட்டுரைகளையும் உலகின் எந்த மூலையில் இருந்தும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கலாம். மைசூர் மைன்ஸில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்றால் போதும்.

போலி மாநாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பணம் கேட்பதாலேயே ஒரு மாநாடு போலி ஆகிவிடாது. நல்ல மாநாடுகளிலும் பங்கேற்புக் கட்டணம் உண்டு. கட்டுரை எழுதியவர்களில் ஒருவராவது பதிவு செய்து வர வேண்டும் என்ற விதியும் பொதுவாக உண்டு. வித்தியாசம் வேறு இடங்களில் தெரியும். இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. மதிப்பீட்டுக் குறிப்புகள் வந்ததா? இரண்டு நாளில் ஏற்பு, குறிப்பு ஒரு வரிகூட இல்லை என்றால், யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

2. தேர்வுக்குழுவில் யார் இருக்கிறார்கள்? பெயர்களைத் தேடிப் பாருங்கள். அவர்களின் நிறுவனப் பக்கத்தில் இந்த மாநாட்டைக் குறிப்பிட்டிருக்கிறார்களா? சந்தேகம் என்றால் ஒரு மெயில் போடுங்கள். தங்கள் பெயர் பயன்படுத்தப்படுவதே தெரியாதவர்களும் இருப்பார்கள்.

3. தலைப்பு என்ன? கணினி, மெக்கானிக்கல், காமர்ஸ், யோகா எல்லாம் ஒரே மாநாட்டில் என்றால், எல்லாவற்றையும் மதிப்பிட எந்தக் குழுவாலும் முடியாது.

4. முந்தைய ஆண்டுக் கட்டுரைகள் எங்கே? கணினி அறிவியல் வெளியீடுகளைத் தொகுக்கும் டி.பி.எல்.பி என்ற இலவசத் தளத்தில் தேடுங்கள். நல்ல மாநாடுகள் ஆண்டுவாரியாக இருக்கும்.

5. பணம் எதற்கு? பங்கேற்கவா, சான்றிதழுக்கா? 'வர வேண்டாம், கட்டினால் போதும், சான்றிதழ் அனுப்புறோம்' என்றால் நீங்கள் வாங்குவது வெறும் காகிதம்.

இந்தத் துறைக்குள்ள எப்படி வர்றது?

பி.யு.சி. அல்லது பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு, சென்னையை அடுத்த சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பை நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. மனப்பாடம் உதவாது, யோசிக்கத் தெரிய வேண்டும்.

பொறியியல் முடித்தவர்களுக்கு தரமணி கணித அறிவியல் நிறுவனம், மும்பை டாடா நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி.க்கள் என்று வழிகள் உண்டு. ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாத உதவித்தொகை தருகிறார்கள். 'மேல படிச்சா வீட்டுக்கு யாரு சம்பாதிப்பா?' என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே, என்.பி.டெல் இணைய வகுப்புகளில் சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் வழிமுறைகள் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. பேனா, நோட்டு எடுத்துக்கொண்டு முதல் நான்கு வகுப்பைப் பாருங்கள். பிடித்தால் தொடருங்கள். பிடிக்காவிட்டால் செலவு ஒன்றும் இல்லை.

இதனால் ஊருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வியை என் அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. தங்கம் எடுத்த ஊர் அது. எடுத்தது என்ன, எத்தனை கிராம் என்று பார்த்துப் பழகிய மனிதர்கள்.

அவருக்கு நான் ஞாபகப்படுத்தியது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை. 1960-களில் டாடா நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களுடன் அங்கே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை இறக்கினார்கள். வளிமண்டலத்தில் உருவாகி, பாறையையும் துளைத்து வரும் நியூட்ரினோ துகள்களை 1965-இல் அங்கே பதிவு செய்தார்கள். உலகிலேயே முதன்முதலில் அதைக் கண்ட இடங்களில் ஒன்று நம் தங்கவயல். அந்தக் கருவிகளும் மனிதர்களும் இறங்கியது தாத்தாக்கள் இறங்கிய அதே கேஜ்களில்தான்.

அன்று அதனால் யாருக்கும் ஒரு கிராம் தங்கம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் உலகத்துக்கு ஒரு புதிய விஷயம் தெரியவந்தது. அடிப்படை ஆராய்ச்சி என்றால் என்ன என்று இந்தியாவில் எந்த ஊருக்காவது விளக்கத் தேவையில்லை என்றால், அது தங்கவயல்தான். என்ன, அப்போது நம்மவர்கள் கேஜை இயக்கினார்கள், கேள்வியை வேறு யாரோ கேட்டார்கள். இந்த முறை கேள்வியையும் நம் பிள்ளைகள் கேட்கலாம்.

அத்தை மகள் 6,000 ரூபாயைக் கட்டவில்லை. ஐந்து கேள்விகளையும் அந்த மாநாட்டுக்கு மெயிலில் அனுப்பினாள். 'சலுகைக் கட்டணம் 4,500' என்று பதில் வந்தது. அவள் கேட்ட ஒரு கேள்விக்கும் விடை வரவில்லை. மாநாட்டுச் சான்றிதழ் இல்லாமல் புராஜெக்ட்டுக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவார்கள் என்று இன்னும் தெரியாது. அந்தக் கவலை அவளுக்கு இருக்கிறது.

போன வாரம் மறுபடி போன் செய்தாள்.

"அக்கா, அந்த டேங்கர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நம்ம லைன்ல இருந்து ஆரம்பிச்சா 20 இடத்துக்கு நிஜமாவே அரை செகண்ட்ல வருது. 25 இடம் போட்டா லேப்டாப் தொங்கிடுச்சு. ஏன்னு எனக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கு."

மூன்று பேர் உட்கார்ந்து படித்து மதிப்பிட வேண்டிய கட்டுரை இப்படித்தான் ஆரம்பிக்கும்.